தவிட்டுக்குத் திருப்பிக் கொடுத்த பிள்ளை

வதனியின் மகள் ஆரணிக்குக் கால் தரையில் தங்காமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்த பிஸ்கட் பக்டரியைச் சோதித்துவிட்டுப் போன குடிவரவு ஆட்கள் அனுப்பிய கடுதாசி எங்கள் கட்டடத்துக்கு வந்து சேர்ந்த அதே காலையில், சோறு வடித்துக்கொண்டிருந்த வதனி அந்தக் கடுதாசியை வாங்குவதற்காகப் பிள்ளையின் கையை விட்ட நிமிசத்தில். ஆறு வயதுப் பிள்ளை, பானையிலிருந்து ஆவி எழும்புவதுபோல அவசரமில்லாமல் எழும்பிப் போய், குசினி முகட்டில் தலை தட்டி நின்று, "அம்மா, இங்க ஒரு சிலந்தி இருக்கு" என்றாள். நான் கதவடியில் நின்று பார்த்தேன். எனக்கும் அதே கடுதாசி, அதே நிறக் கவரில் வந்திருந்தது. அதைக் காட்டத்தான் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். காட்ட வந்ததை மறந்துவிட்டு, கதிரையில் ஏறிப் பிள்ளையின் காலைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. வதனி வந்து குதிக்காலைத் தொட்டாள். உடனே பிள்ளை பாரமாகி இறங்கி, சோறு எப்போது ஆறும் என்று கேட்டாள்.

நியூ ஜெர்சியில் ரயில் பாதையை ஒட்டி நிற்கும் ஐந்து மாடிக் கட்டடம் எங்களுடையது. அதில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள், மீதிப்பேர் எங்களைப்போலவே வேறு எங்கிருந்தோ வந்தவர்கள். பிள்ளை மிதக்கிறது என்ற செய்தி கீழிருந்து மேலே போக அரை மணித்தியாலம் எடுத்தது, அதை எல்லாரும் ஏற்றுக்கொள்ள ஒரு கிழமை எடுத்தது, அதற்குப் பிறகு அது மாடிப்படியில் விளக்கு எரியாதது போன்ற ஒரு விசயமாகப் போய்விட்டது. நாலாம் மாடிக்காரர் தங்கள் தரையில் யாரோ தட்டுகிறார்கள் என்று முறைப்பாடு சொன்னார்கள். பிள்ளையின் தலைக்குப் பஞ்சுத் தொப்பி தைத்துப் போட்ட பிறகு அந்த முறைப்பாடும் நின்றது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் பையில் இரண்டு செங்கல் வைத்தார்கள், செங்கலோடு சேர்ந்து பையும் எழும்பியது. பிறகு மேசைக்காலோடு சேர்த்துச் சேலைத் துண்டால் கட்ட வதனியிடம் கையெழுத்து வாங்கினார்கள், அந்தக் கட்டு நின்றுபிடித்தது. கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் சின்னமணி அண்ணை, தன் கடையில் மேல் தட்டில் இருக்கும் சாமான் எடுக்க ஆள் கிடைத்தது என்று சொல்லி, ஒவ்வொரு சனிக்கிழமையும் பிள்ளையின் இடுப்பில் சணல் கயிறு கட்டி மேலே விட்டு, "அந்த மூலையில மாசிக் கருவாடு இருக்கா பார் மோளே" என்று கேட்பார். வீட்டு முகட்டில் ஒட்டடை அடிக்க, பியூஸ் போன பல்பு மாற்ற, எல்லாரும் வதனியிடம் வந்து பிள்ளையை இரவல் கேட்டார்கள்.

வதனி முல்லைத்தீவுப் பக்கம், சைவம். நான் மன்னார், வேதம், கத்தோலிக்கம். ஆனாலும் சனிக்கிழமைச் செபமாலைக்கு அவளும் வருவாள், அவித்த கடலை கிடைக்கும் என்பதால்தான் வருகிறேன் என்று பகிடி விடுவாள். அந்த வருடம் உயிர்ப்பு ஞாயிறு நாடகத்தில் கல்லறைக்கு மேலே நிற்கும் சம்மனசாக, வானதூதராக, ஆரணியைப் போடலாமா என்று பங்குச் சுவாமி கேட்டபோது, முந்திய வருடம் சம்மனசாக நின்ற பிள்ளைகளின் தாய்மார் முகத்தைச் சுருட்டினார்கள். ஒருத்தி, "சைவப் பிள்ளைக்குச் செட்டை கட்டுறதோ" என்றாள். சுவாமி, "செட்டை கட்டத் தேவையில்லையே" என்றார். ஆரணி வெள்ளைச் சட்டையோடு கல்லறைக்கு மேலே நாலு முழம் உயரத்தில் நின்று, சொல்ல வேண்டிய வசனத்தை மறந்து கொட்டாவி விட்டாள். சனம் அழுதது. நானும் அழுதேன். மற்றவர்கள் பக்தியில் அழுதார்கள். நான் எதற்கு அழுதேன் என்று இப்போது சொல்லப்போகிறேன்.

எங்கள் இரண்டு பேருடைய வழக்கையும் எடுத்தவள் ஷாமினி என்ற லோயர் பிள்ளை. இங்கே பிறந்து வளர்ந்தவள், ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவள், கடினமான சொல் வந்தால் பேனையைக் கடிப்பாள். அவள் எங்களை ஒரே நாளில் இருத்தி வைத்து விளங்கப்படுத்தினாள். எங்களைப்போல நிரந்தர அட்டை இல்லாத ஆட்களை நாட்டைவிட்டு அனுப்பாமல் விடச் சட்டத்தில் ஒரேயொரு சின்னக் கதவு இருக்கிறது. பத்து வருடம் இந்த நாட்டில் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும், நடத்தை சுத்தமாக இருக்க வேண்டும், அதோடு, தாயை அனுப்பினால் இங்கே பிறந்த பிள்ளைக்கு எந்தப் பிள்ளைக்கும் வராத கஷ்டம் வரும் என்று நீதிபதி நம்ப வேண்டும்.

"தாய் போனா எந்தப் பிள்ளையும் அழும்தானே" என்று நான் கேட்டேன்.

"அழுறது காணாது அன்ரி. எல்லாப் பிள்ளையும் அழும் என்டு அவைக்கும் தெரியும். அழுறதுக்கு மேல என்ன இருக்கு என்டுதான் கேட்பினம்."

வதனியின் புருசனை இரண்டு வருடத்துக்கு முன்பே பிடித்து அனுப்பிவிட்டார்கள். அவளும் போனால் ஆரணியைக் கீழே பிடித்து வைத்திருக்க ஒரு கை இல்லை. யன்னல் திறந்திருக்கும் ஒரு நாளில் பிள்ளை வானத்துக்குப் போய்விடும். இதைக் கேட்ட ஷாமினி பேனையைக் கடித்து முடித்துவிட்டு, "இது காணும்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். என் புருசன் மடுத்தீன் கப்பல்துறையில் வேலை செய்து, நெஞ்சு நோவில் கண்மூடி ஆறு வருடம். மூத்தவள் ஜசிந்தா கலியாணம் கட்டிக் கனடாவில் இருக்கிறாள், அவளைச் சட்டம் எண்ணாது. இங்கே பிறந்தவன் இளையவன் ஜெறோம் மட்டும்தான். அவனுக்கு இருபது வயது.

"ஜெறோமுக்கு ஏதாவது வருத்தம் இருக்கா அன்ரி? ஆஸ்துமா, இருதயம், படிப்பில பின்தங்கல்?"

"ஒண்டும் இல்லைப் பிள்ளை. தடிமன் கூட வராது."

அவள் எழுதாமல் பேனையை வைத்தாள். "கார்த்திகையில இருபத்தொன்று ஆகுது. அதுக்குப் பிறகு சட்டத்துக்கு அவர் பிள்ளை இல்லை. உங்கட விசாரணை அதுக்குப் பதினொரு நாளைக்கு முந்தி வருது. வதனிக்கும் அதே நாள், அதே நீதிபதி. வருசத்துக்கு இத்தனை பேர் என்டு எண்ணித்தான் இந்தக் கதவைத் திறப்பினம்" என்றாள். அவள் வேறு ஏதோ நினைத்து அதைச் சொன்னாள். எனக்குள் அது, வதனி உள்ளே போனால் ஒரு இடம் குறைந்தது என்று போய் இறங்கியது.

ஷாமினியின் கந்தோர் வாசலில் எங்களைப்போலப் பல தாய்மார் காத்திருப்பார்கள். ஊரில் தாய்மார் கூடினால் யார் பிள்ளை முதலாம் பிள்ளை, யார் பிள்ளை மெடிசினுக்கு எடுபட்டது என்று கதை போகும். அந்த வாசலில் யாருடைய பிள்ளைக்கு எத்தனை ஊசி, யாருடைய பிள்ளை இரவில் மூச்சு நின்று நின்று எழும்புகிறது என்று கதை போகும், சொல்லுகிறவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்லுவாள், கேட்கிறவள் தலையை ஆட்டிக்கொண்டே மனத்துக்குள் தன் பிள்ளையை அதோடு வைத்து நிறுத்துப் பார்ப்பாள். ஒருத்தியின் மகனுக்கு இருதயத்தில் ஓட்டை. அவள் எழும்பி உள்ளே போனபோது எல்லாரும் அவளைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன், என் கண்ணும் அதில் ஒன்று என்றும் கண்டுபிடித்தேன். என் பிள்ளைகளைப் பெற்ற நாள் முதல், மாதாவே என் பிள்ளைகளைச் சுகமாக வைத்திரு என்று ஒரு நாளும் விடாமல் கேட்டவள் நான். கேட்டதெல்லாம் கிடைத்திருந்தது. அதுதான் என் வழக்கில் குறை.

பொறாமை என்பது வயிற்றில் பல் முளைப்பது போல. நான் வதனிக்குப் புட்டு அவித்துக் கொடுத்தேன், ஆரணிக்குத் தலை வாரி இழுத்துவிட்டேன், அந்தப் பிள்ளை என் தோளுக்கு மேலே மிதந்தபடி என் கொண்டையை அவிழ்த்து விளையாடும்போது சிரித்தேன், சிரிக்கச் சிரிக்க அந்தப் பல் வளர்ந்தது. வதனியோ என்னைப் பார்த்து, "உங்களுக்கென்ன அக்கா, நிலத்தில கால் ஊன்றின பிள்ளை. நான் குளிக்கப் போறதெண்டாலும் இவளை அலுமாரியில கட்டிப்போட்டெல்லோ போறன்" என்று பெருமூச்சு விடுவாள். அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. நக்கல் அடிக்கிறாள் என்று நினைத்தேன்.

ஜெறோம் உண்மையிலேயே கால் ஊன்றித்தான் நடந்தான். கட்டடமே அதிர நடந்தான். கல்லூரிக்குப் போய்விட்டுப் பின்னேரத்தில் டயர்க் கடையில் வேலை செய்கிறவன், தகப்பனின் இரும்பு மூக்கு வைத்த சப்பாத்தை எடுத்துப் போட ஆரம்பித்திருந்தான், வீட்டுக்குள்ளும் கழற்ற மாட்டான். "மாதா சுருவம் இருக்கிற வீட்டுக்குள்ள சப்பாத்தோட நடக்கிறியே" என்று ஏசினால், "குளிருது அம்மா" என்பான். ஆடி மாதத்திலும் குளிர்ந்தது அவனுக்கு. டயர் ஆடாமல் இருக்கச் சில்லில் ஒட்டும் ஈயத் துண்டுகள் கடையில் காணாமல் போகின்றன என்று முதலாளி சத்தம் போட்டதாகச் சின்னமணி அண்ணை சொன்னார். என் பிள்ளை களவெடுக்க மாட்டான் என்று சொல்லி அண்ணையோடு இரண்டு கிழமை கதைக்காமல் இருந்தேன்.

அந்த ஆடி மாதத்தில், ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், நான் மாதா சுருவத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டேன். தாயே, என் மகனுக்குச் சின்னதாக ஒரு வருத்தம் கொடு, ஆளைக் கொண்டுபோகாத ஒன்று, ஒரு கடுதாசியில் எழுதக்கூடிய அளவுக்கு மட்டும். கேட்டு முடித்துவிட்டு, என் வாயை நானே அடித்து, கேட்டதைத் திருப்பி எடு என்று நூற்றைம்பத்துமூன்று மணிச் செபமாலை சொன்னேன். அன்று பின்னேரம் ஜெறோம் வாசலில் தடதடவென்று வந்து, "பசிக்குது அம்மா" என்றான். நான் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கப் போனேன். தள்ளி நின்றான். வளர்ந்த பிள்ளைகள் தள்ளித்தான் நிற்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

தவிட்டு யோசனையைச் சொன்னது திரேசம்மா மாமி. எங்கள் செபக்கூட்டத்தில் மூத்தவள், எல்லாவற்றுக்கும் ஒரு கை மருந்து வைத்திருப்பவள். "பிள்ளை தங்காட்டி ஊரில என்ன செய்யிறனாங்கள்? வேற ஒருத்தியிட்டத் தவிட்டுக்கு வித்துப்போட்டு வளர்க்கிறேல்லையோ?" என்று கேட்டு என் பக்கம் திரும்பினாள். "பிலோமினா, நீ வாங்கு. உன்ர பிள்ளையள் ரெண்டும் தங்கின பிள்ளையள், உனக்கு ராசியான கை."

சின்னமணி அண்ணை எங்கோ தேடிக் குதிரைக்குப் போடும் தவிடு ஒரு பை கொண்டுவந்தார். செபமாலை முடிந்து, சுவாமி போனபிறகு, கோயில் மண்டபத்தில் நான் சுளகில் தவிட்டை ஏந்தி நின்றேன். வதனி தவிட்டை மடியில் வாங்கினாள், பிள்ளையை என் கையில் தந்தாள், தந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் மூன்று அடி நடந்தாள். "இது என்ர பிள்ளை" என்று நான் சொன்னேன். சொல்லும்போது என் வாய் இனித்தது. ஆரணி என் கையில் பாரமாக இருந்தாள். வதனி கதவைத் தாண்டி வெளியே போன பிறகும், சாக்கு மூட்டைபோலப் பாரமாக, மூக்கு ஒழுக, என் கையில் இருந்தாள்.

அதற்குப் பிறகு பிள்ளையை நிலத்தில் வைக்க இரண்டு கைகள் இருந்தன, அவளுடையதும் என்னுடையதும். கட்டடமே சந்தோசப்பட்டது. வதனி எட்டு மாதத்தில் முதல் தடவையாகத் தனியே கடைக்குப் போய், வெறும் கையை வீசிக்கொண்டு நடந்து வந்தாள். நான் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பூங்காவுக்குப் போனேன், பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் இவள்தான் அந்தப் பிள்ளை என்று காட்டினேன். பிறகு ஒரு நாள், வெட்கத்தை விட்டு, ஷாமினியிடம் போய், தவிட்டுக்கு வாங்கின பிள்ளையை என் வழக்கில் என் பிள்ளை என்று எழுதலாமா என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்திவிட்டாள். "அன்ரி, உங்கட கை பிடிச்சாலும் ஆரணி கீழ நிற்கிறாளா?"

"ஓம் பிள்ளை. கல்லு மாதிரி நிற்பாள்."

"அப்ப வதனி போனாலும் பிள்ளை மிதக்காது." அவள் எழும்பி யன்னலடியில் நின்றாள். "வதனிக்கு நீங்கள்தான் முதல் சாட்சி. அரசாங்க லோயர் உங்களை இதைத்தான் கேட்பார். கேட்டால் உள்ளதைத்தான் சொல்லோணும். பொய் சொல்லுங்கோ என்டு நான் சொல்ல மாட்டன்."

நான் பொய் சொல்லுகிறவள் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. உண்மையைச் சொல்லியே ஒருத்தியைக் கெடுக்க எனக்கு வழி கிடைத்திருந்தது, பாவசங்கீர்த்தனத்தில்கூட அதைப் பாவம் என்று சொல்ல வேண்டி வராது. வதனியிடம் ஒன்றும் சொல்லாமல் இரண்டு மாதம் அந்த வழியைப் பொத்தி வைத்திருந்தேன்.

விசாரணை நாள் வந்தது. நகரத்துக்கு ரயிலில் போனோம், வதனி, ஆரணி, நான், ஜெறோம். நீதிமன்ற வாசலில் சோதனைக்காரர் சப்பாத்தைக் கழற்றிப் பெட்டியில் வைக்கச் சொன்னார். ஜெறோம் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து கழற்றினான், கழற்றிய பிறகும் பிடியை விடவில்லை, சின்ன வயதில் தண்ணீருக்குள் இறங்கும்போது பிடிப்பதுபோல. எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. கடைசியாக அவன் என்னைத் தொட்டது எப்போது என்று எண்ணிப் பார்த்தேன், நினைவு வரவில்லை. சோதனைக்காரர் சப்பாத்தைத் தூக்க இரண்டு கை போட்டு, "இதற்குள் என்ன, பீரங்கியா?" என்று இங்கிலீசில் கேட்டார். "வேலைச் சப்பாத்து" என்றான் ஜெறோம்.

கூப்பிடும்வரை கீழே தேத்தண்ணிக் கடையில் இருந்தோம். ஜெறோம் எனக்குத் தேத்தண்ணியும் கறுப்பாக ஒரு கேக்கும் வாங்கி வந்தான். "என்ன தம்பி இது, கருகினதோ?"

"தவிட்டில செய்த கேக் அம்மா. வயிற்றுக்கு நல்லது என்டு இங்கத்தைய ஆக்கள் சாப்பிடுவினம்."

நான் அந்தக் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த மேசையில் வதனி பிள்ளைக்குப் பாண் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் ஒரு கையை அவள் பிடித்திருந்தாள், மற்றக் கையை நீட்டி பிள்ளை என் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தாள், தன் தாய் யார் என்று தெரிந்த பிள்ளை, இரண்டு பேரும் தாய் என்று நினைத்த பிள்ளை. மாதாவே, இந்தப் பிள்ளையை எனக்கு விட்டுவிடு என்று கேட்டேன். மாதா கேக்கைத்தான் காட்டினாள். எழும்பிப் போய் அதை வதனியின் கையில் வைத்தேன்.

"இதை எனக்குத் தா வதனி. தந்துபோட்டு உன்ர பிள்ளையைத் திருப்பி வாங்கு."

"என்னக்கா இது? பிள்ளையை உங்களுக்குப் பிடிக்கேல்லையோ?"

"பிடிச்சதாலதான். தா கெதியா. தவிடுதான், தம்பி சொன்னவன்."

அவளுக்கு விளங்க ஒரு நிமிசம் எடுத்தது. விளங்கியபோது என் முகத்தைப் பார்த்தாள், இரண்டு மாதமாக நான் பொத்தி வைத்திருந்ததையும் அதில் பார்த்திருப்பாள். பிள்ளையை விடாமல், மற்றக் கையால் கேக்கை எனக்குத் தந்தாள். நான் பிள்ளையின் விரல்களை என் தலைப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, "இது உன்ர பிள்ளை" என்று சொன்னேன். மூன்று அடி நடந்தேன், திரும்பிப் பார்க்காமல். கேக்கை நின்ற இடத்திலேயே சாப்பிட்டேன். தொண்டையில் மணல்போல இறங்கியது.

ஐந்தாம் மாடியில் நீதிமன்றம், பழைய கட்டடம், மூன்று ஆள் உயர முகடு. நீதிபதி கண்ணாடி போட்ட ஒரு வயதான மனுசி. படம் எடுத்துக் கொடுத்தால் நம்ப மாட்டேன், இப்போது எதையும் படத்தில் செய்யலாம் என்று முன்பே சொல்லிவிட்டவர். அரசாங்க லோயர் இளம் பிள்ளை, மரியாதையாகத்தான் கேட்டார். "தாயைத் தவிர வேறு யாருடைய கையாவது இந்தப் பிள்ளையைக் கீழே வைத்திருக்குமா?"

"வைச்சிருந்தது. என்ர கை. காலமை தேத்தண்ணி குடிக்கும் வரைக்கும்" என்றேன். தவிட்டுக்கு வாங்கியதையும் தவிட்டுக்குத் திருப்பிக் கொடுத்ததையும் சொன்னேன். மொழிபெயர்க்க வந்தவர் வேர்த்து, தவிடு என்பதை மூன்று தரம் சொல்ல வேண்டி வந்தது. அரசாங்க லோயர் நீதிபதியைப் பார்த்தார், நீதிபதி, "பிடித்துக் காட்டட்டும்" என்றார்.

வதனி கையை விட்டாள். நான் பிடித்தேன். அந்தச் சின்னக் கை சவர்க்காரம்போல என் விரலுக்குள்ளால் வழுக்கிக்கொண்டு போனது. நான் முழுப் பலத்தோடும் பிடித்தேன், இதை மாதா அறிவாள், திருப்பிக் கொடுத்த பிறகும் பிடித்து வைத்திருக்க ஆசைப்பட்டேன். பிள்ளை எழும்பிப் போய், கொடிக்கு மேலே போய், முகட்டு மூலையில் காற்று இழுக்கும் கம்பிவலைக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டாள். முதலில் சிரித்தாள். பிறகு சட்டை வலைக்குள் இழுபட்டதும் அழத் தொடங்கினாள். வதனி கீழே கையை நீட்டி நீட்டிக் குதித்தாள். காவலாளி ஏணிக்கு டெலிபோன் எடுத்தான். ஏணி பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறதாம், கையெழுத்து வைத்துத்தான் எடுக்க வேண்டுமாம்.

கடைசி மர வாங்கில் உட்கார்ந்திருந்த ஜெறோம் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தான்.

ஒரு சப்பாத்தைக் கழற்றினான், சரிந்தான். மற்றதைக் கழற்றினான். என் மகன், ஐந்தே முக்கால் அடி, எண்பது கிலோ, தகப்பனின் தாடையும் தகப்பனின் முன்கோபமும், ஓட்டை விழுந்த காலுறையோடு, வாங்குகளுக்கு மேலால் எழும்பிப் போனான். பழக்கப்பட்டவன்போல முகட்டைக் கையால் தள்ளித் தள்ளி மூலைக்குப் போய், பிள்ளையின் சட்டையை வலையிலிருந்து விடுவித்து, அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அழாதேயுங்கோ குஞ்சு, அண்ணாவுக்கும் இறங்கத் தெரியாது" என்றான்.

நான் சேலையை வரிந்து வாங்கில் ஏறினேன், வாங்கிலிருந்து மேசையில் ஏறினேன், நீதிபதி தடுக்கவில்லை. ஜெறோம் காலைக் கீழே நீட்டினான். எனக்கு எட்டியது அவன் பெருவிரல் மட்டும்தான். தொட்டதும் பாரமானான். பிள்ளையோடு சேர்ந்து மெல்ல என் தோளில் இறங்கி, அங்கிருந்து தரைக்கு வந்தான்.

"எப்போதிலிருந்து?" என்று நீதிபதி அவனைக் கேட்டார். என் வழக்குக் கட்டு அவர் முன்னால் இருந்தது, மகன் முழுச் சுகம், ஒரு குறையும் இல்லை என்று நான் சத்தியம் வைத்துக் கையெழுத்திட்ட கட்டு.

"கடுதாசி வந்த செவ்வாய்க்கிழமை."

ஆடி மாதம் இல்லை. தை மாதம். என் வாயால் கேட்டதால் வந்ததில்லை. இதை அறிந்து ஒரு கணம் மூச்சு விட்டேன், அடுத்த கணம் அந்தப் பத்து மாதமும் என் தலையில் விழுந்தது.

"தாயிடம் ஏன் சொல்லவில்லை?"

அவன் இங்கிலீசில் சொல்லத் தொடங்கி, பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னான். "அம்மாவுக்கு ஆரணியைப் பிடிக்கவே ரெண்டு கையும் சரியா இருந்தது."

மொழிபெயர்ப்பவர் அதைச் சொன்னார். அரசாங்க லோயர் எழும்பி, தனக்கு மேலதிகக் கேள்வி இல்லை என்று சொல்லி இருந்துவிட்டார். நான் வாங்குக்கடியில் கிடந்த சப்பாத்தை எடுக்கக் குனிந்தேன். ஒன்றைக்கூட ஒரு கையால் தூக்க முடியவில்லை. அடிப்பாகம் முழுக்க வரிசை வரிசையாக ஈயத் துண்டு ஒட்டியிருந்தது, என் பிள்ளை ஒவ்வொரு நாளும் இதைத் தூக்கி வைத்து என் முன்னால் கால் ஊன்றி நடந்திருக்கிறான். அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் நீதிபதி இரண்டு வழக்குக் கட்டிலும் எங்களுக்குச் சார்பாக எழுதினார். அட்டை வர வரிசை இருக்கிறது, வரிசையில் நிற்க வேண்டும் என்றார். ரயிலில் திரும்பும்போது ஒரு பக்கம் வதனி பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், மறுபக்கம் நான் என் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வதனி என் மகனின் கையையும் என் கையையும் பார்த்து, "இவ்வளவு உயரம், ஒரு சத்தமும் இல்லாமல்" என்றாள். அந்தக் குரலில் இருந்தது எனக்கு நன்றாகப் பழகிய அந்தப் பல்.

அடுத்த வியாழக்கிழமை ஆரணி இறங்கிவிட்டாள். வதனி சோறு வடிக்கக் கையை விட்டாள், பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றாள், அவ்வளவுதான். சின்னமணி அண்ணை சாமான் எடுக்க ஏணி வாங்கினார். ஜெறோம் இறங்கவில்லை. அதற்கும் எனக்கு ஒரு நாள் முழுக்க வயிறு எரிந்தது.

பதினோராம் நாள் அவனுக்கு இருபத்தொன்று பிறந்தது. விடிந்ததும் பாற்சோறு போட்டேன். சட்டத்துக்கு அவன் என் பிள்ளை இல்லாமல் போன காலை அது. "சப்பாத்தைக் கழற்று தம்பி" என்றேன். "ஏன் அம்மா?" என்றான். "பாப்பம்." கழற்றினான். மேசைக்கு மேலே எழும்பினான், மாதா சுருவத்துக்கு மேலே எழும்பினான், விளக்கில் தலை தட்டி நின்று, அங்கே சிலந்தி வலை கட்டியிருக்கிறது என்றான். நான் கதிரையில் ஏறி, ஓட்டைக் காலுறைக்குள்ளால் தெரிந்த பெருவிரலைப் பிடித்தேன். எண்பது கிலோவும் என் கையில் வந்தது.